ரவையூண்டு தூக்கு, அம்மிணி!

350 கிலோவுக்கு மேல் கனக்கும் பனங்கம்பம் ஒன்று, செங்குத்தாக, தரைக்கு ஒரு விரற்கடை உயரத்தில், குழியின் வாய்க்கு நேர் மேலே அசையாமல் தொங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள், நானே தூக்கிக் காட்டுகிறேன். டிராக்டருக்கு முன்னால் மாட்டுகிற லோடரை எரு அள்ளவும் மண் தள்ளவும் மட்டுமே வைத்திருக்கிறவர்களை நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. மாட்டுக் கொட்டகையான கட்டுத்தறிக்குப் பத்துக் கம்பங்களை அதை வைத்து நட்டு முடித்த நாளிலிருந்து கல்யாண வீடு, சந்தை, பால் சொசைட்டி என்று எங்கே போனாலும் இதே பேச்சுத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் அலுத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். தோட்டத்தைச் சுற்றிக் கொறங்காடு. கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரங்களும் கிளுவை வேலியுமாக மேய்ச்சல் நிலம். ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று கிளம்பிவிடும். மேற்கு மலைத்தொடரில் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் அந்த இடைவெளி வழியாகத் தென்மேற்குக் காற்று நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. ஆடி முடியும் வரை ஓயாது. தகரக் கூரையெல்லாம் அந்தக் காற்றுக்கு எம்மாத்திரம்! காற்று தள்ளுவதைவிட, கூரைக்கு அடியில் புகுந்து மேலே தூக்குவதுதான் ஆபத்து. அதனால் எங்கள் பக்கத்தில் கொட்டகைக்குக் கால் நடுவதென்றால் ஆழம், கனம் இரண்டையும் விட்டுக்கொடுக்க முடியாது. ஓட்டுக் கூரை, அதைத் தாங்கப் பனங்கை, பனங்கையைத் தாங்க உத்திரம், உத்திரத்தைத் தாங்கக் கனத்த கம்பங்கள் என்று கீழிருந்தே கட்டி எழுப்ப வேண்டும்.

இரும்புக் கம்பம் போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று பலரும் சொன்னார்கள். மாடு கட்டும் இடத்தில் இரும்புக்கு என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ள எந்தப் பழைய பண்ணைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மேலே பெயின்ட் பளபளக்கும். மாட்டு மூத்திரமும் சாணியும் நனைக்கிற அடிப்பகுதி, தரைமட்டத்தில் துருவேறிப் பொரிந்து கிடக்கும். கல்கால் நல்லதுதான், எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. ஆனால் ஆசாரிக்கு மரத்தோடு மரம் சேர்ப்பதில் இருக்கிற வாகு கல்லோடு சேர்ப்பதில் வராது. பனை எங்களிடமே இருந்தது. வறட்சியில் பட்டுப்போனவை, இடி விழுந்து கொண்டை கருகியவை, காற்றில் சாய்ந்தவை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் சொன்னதை மனதார வரவேற்கிறவள் நான். உயிருள்ள பனை ஒன்றின் மீதுகூட ரம்பம் படவில்லை.

பனைமரம் உள்ளபடியே ஒரு விசித்திரம். தேக்கு, வேம்பு போன்ற மரங்களுக்கு வைரம் நடுவில் இருக்கும். பனைக்கு வைரம் ஓரத்தில். வெளிவட்டத்தில் கருங்கம்பிபோல் நார்கள் நெருங்கி நிற்கும். நடுவில் வெறும் சோறு. அதிலும் அடிமரத்துக்கு உள்ள கெட்டி நுனிமரத்துக்குக் கிடையாது. ஆகவே ஒவ்வொரு மரத்திலும் அடியிலிருந்து 16 அடியை மட்டும் கம்பத்துக்கு எடுத்தோம். அடி ஒன்றேகால் அடிக் குறுக்களவு, நுனி ஒரு அடிக்குச் சற்றுக் குறைவு. மண்ணுக்குள் போகிற முனையில் சோற்றை ஓரளவு தோண்டி எடுத்துவிட்டு, கல்லும் சிமெண்டும் கலந்து அடைத்து, நாலரை அடி உயரம் வரை தீயில் வாட்டிக் காய்ச்சிய தார் பூசினோம். கரையான் வருவது அந்த நடுச்சோற்றைத் தேடித்தான். அதன் வாசலை அடைத்துவிட்டால் வெளிவைரத்தில் பல்லை வைக்கப் பெரும்பாடு படும்.

சரி, கம்பம் தயார். நிறுத்துவது எப்படி?

என் மாமனார் காலத்தில் இதற்குக் கத்தரிக்கால் கட்டுவார்கள். இரண்டு நீளமான மரங்களை உச்சியில் சேர்த்துக் கட்டி, அதன்மேல் வடத்தைப் போட்டு ஒரு கூட்டம் இழுக்கும். இன்னொரு கூட்டம் கம்பத்தின் நுனிக்கு முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டே வரும். குழியின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டிவிட்டு, எதிர்ப் பக்கச் சுவரில் ஒரு பலகையைச் சாத்துவார்கள். கம்பத்தின் அடி பலகையில் மோதி, வழுக்கி, குழிக்குள் இறங்கும். அருமையான யுக்தி. அதைக் கண்டுபிடித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அந்த முறையில் ஒரு கட்டம் இருக்கிறது. கம்பம் பாதிக்கு மேல் எழும்பிவிட்டது, இன்னும் நேராகவில்லை. தள்ளுகிறவர்களின் கைக்கு எட்டாத உயரத்துக்கு நுனி போய்விட்டது, வடம் இழுக்கிறவர்களுக்கு இன்னும் முழுப் பிடி கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் யாரும் யோசிக்க முடியாது, மூச்சு வாங்க முடியாது, "கொஞ்சம் பொறு" என்று சொல்ல முடியாது. இழுத்தே ஆக வேண்டும். பன்னிரண்டு ஆட்களின் தோளும் ஒரே நொடியில் ஒத்துழைத்தாக வேண்டும்.

டிராக்டர் லோடர் மேல் எனக்கு வந்திருக்கும் இந்தப் பைத்தியத்துக்குக் காரணமே இதுதான். அதன் பலத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் பேச வருவது அதன் பொறுமையை. தன் திறனுக்குள் எத்தனை கிலோவாக இருந்தாலும் தூக்கிய இடத்தில் தூக்கியபடி நிற்கும். ஆசாரி இறங்கி வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மறுபடி பார்த்து, "தெக்கே ஒரு நூல் போகோணுமுங்க" என்று சொல்லும் வரை கம்பம் காத்திருக்கும். கனமான பொருளைத் தூக்குகிற வேலையில் மனிதனுக்கு யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறதே, இதைவிடப் பெரிய வரம் வேறு என்ன வேண்டும்!

எங்களிடம் இருப்பது 50 குதிரைத்திறன் டிராக்டர், நான்கு சக்கர ஓட்டம் உள்ளது. முன்னால் இரண்டு கைகள், தூக்குவதற்கு இரண்டு சிலிண்டர். அதன் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், மலைத்துப் போனேன். 65 மில்லிமீட்டர் உள்விட்டம் என்றால் பிஸ்டனின் பரப்பு 33 சதுர சென்டிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 180 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரும் ஏறக்குறைய 6 டன் விசையோடு தள்ளுகிறது. மணிக்கட்டைவிடச் சற்றே பருத்த உருளை! அந்த விசை முழுவதும் பக்கெட்டுக்கு வந்து சேராது. சிலிண்டர் கையின் மூட்டுக்குப் பக்கத்திலேயே தள்ளுகிறது, பக்கெட்டோ வெகு தூரத்தில் இருக்கிறது. நெம்புகோல் கணக்கில் அது முக்கால் டன், ஒரு டன் என்று சுருங்கிவிடும். ஆனால் விசையில் இழந்ததை உயரத்தில் பெற்றுக்கொள்கிறோம். பிஸ்டன் கொஞ்சம் நகர்ந்தால் பக்கெட் பத்தடி உயரத்துக்குப் போய் நிற்கிறது.

அந்தப் பத்தடிதான் எங்கள் வேலையின் சூத்திரம். கம்பம் 16 அடி, லோடர் போவது 10 அடி. எப்படி எட்டும் என்று எல்லோருக்கும் சந்தேகம். நுனியில் கட்டித் தூக்கினால் எட்டாதுதான். நுனியில் ஏன் கட்ட வேண்டும்? கம்பத்தின் துலாப்புள்ளிக்கு மேலே எங்கே கட்டினாலும் கம்பம் தலைநிமிர்ந்துதான் தொங்கும். கிடக்கும் கம்பத்தில் பெல்ட்டைச் சுற்றி, ஒரு சாண் உயரம் தூக்கி, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்துப் பார்த்து நகர்த்தினால் துலாப்புள்ளி அகப்பட்டுவிடும். அடி பருத்திருப்பதால் அது நட்டநடுவில் இருக்காது; அடியிலிருந்து ஏழரை அடியில் இருந்தது. அங்கே சாக்பீஸில் ஒரு கோடு. அதற்கு மேலே ஒரு முழம் தள்ளி, அதாவது ஒன்பதாவது அடியில், தூக்குகிற கட்டு. ஒன்பது அடியோடு பெல்ட்டின் தொங்கல் ஒரு அடியைக் கூட்டினால் பத்து. லோடர் முழு உயரம் போனதும் கம்பத்தின் அடி மண்ணை விட்டு மயிரிழை எழும்பும். இடம் அவ்வளவுதான், அது போதும்.

இந்த ஒன்பதாவது அடியில் இன்னொரு அழகும் ஒளிந்திருக்கிறது. கம்பம் நாலடி குழிக்குள் இறங்கிய பிறகு கட்டு தரையிலிருந்து ஐந்தடி உயரத்துக்கு வந்துவிடுகிறது. ஏணி வேண்டாம், ஏறுகிற வேலை வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே கையால் அவிழ்க்கலாம். முதல் கம்பம் இறங்கியதும் பெல்ட் என் கண்ணுக்கு நேராக வந்து நின்றதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கணக்குப் பாடம் இவ்வளவு கைமேல் பலன் தருமென்று பள்ளிக்கூடத்தில் யாராவது காட்டியிருக்கிறார்களா?

கட்டும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் அதில்தான் தொங்குகிறது. சங்கிலி பனையின் மேல் வழுக்கும். நாங்கள் எடுத்தது பட்டையான பெல்ட். இதற்கெல்லாம் நிற முறை உண்டு: ஊதா நிறம் ஒரு டன், பச்சை இரண்டு டன், மஞ்சள் மூன்று டன். ஆனால் சுருக்குப் போட்டுத் தூக்கும்போது அந்தத் திறனில் ஐந்தில் நான்கு பங்கைத்தான் நம்பலாம். எங்கள் கம்பத்துக்கு ஊதாவே தாராளம் என்றாலும் பச்சையைத்தான் வாங்கினோம். மன நிம்மதிக்கு விலை பார்க்கக் கூடாது. ஒரே சுற்றாகப் போடாமல் இரண்டு சுற்றுச் சுற்றிச் சுருக்கு. பனங்கம்பம் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போவதால் பெல்ட் நுனிப் பக்கம் நழுவப் பார்க்கும். ஆசாரி அதை முன்கூட்டியே யோசித்து, கட்டுக்கு மேலே ஒரு வேலங்கட்டையை வைத்து நாலு ஆணி அறைந்துவிட்டார். பெல்ட் அந்தக் கட்டையில் முட்டிக்கொண்டு நின்றது. கொக்கி பக்கெட்டின் மேல் விளிம்பில் வெல்டிங் வைத்தது. பல்லில் மாட்டித் தூக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்; பெல்ட் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

குழி எடுக்கும் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். டிராக்டரின் பி.டி.ஓ. சுழல்தண்டில் மாட்டும் குழி தோண்டும் மெஷினை வாடகைக்கு எடுத்து, 24 அங்குல பிட்டால் மூன்றடி வரை துளைத்தோம். அதற்குக் கீழே சுக்கான்கல். மீதி ஒன்றரை அடிக்குக் கடப்பாரைதான். அடியில் அரை அடிக்கு ஒன்றரை அங்குல ஜல்லி கொட்டி இடித்தோம், தண்ணீர் தேங்காமல் இறங்குவதற்காக. நூல் பிடித்து, மூலைமட்டத்துக்கு 6 அடி, 8 அடி, குறுக்கே 10 அடி என்று அளந்து, 40-க்கு 20 செவ்வகம். பத்தடிக்கு ஒரு கம்பம், இரண்டு வரிசை.

இனி தூக்கலாம்!

எஞ்சினை அதிகம் முறுக்கக் கூடாது. வேகத்தைக் குறைத்து வைத்தால் எண்ணெய் நிதானமாக ஓடும், லிவரும் சொன்னபடி கேட்கும். லிவரை முழுக் கையால் பிடிக்காமல், இரண்டு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டிருப்பேன். முதலில் பெல்ட் விறைக்கும். அப்போது பனை ஒரு சத்தம் கொடுக்கும்; நார்கள் ஒன்றோடொன்று உராய்ந்து முறுமுறுக்கிற சத்தம். நுனி எழும்பும். அடி இன்னும் தரையில்தான் இருக்கும், அதனால் முழுப் பாரமும் லோடருக்கு வந்திருக்காது. நுனி ஏற ஏற அடி மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே டிராக்டர் பக்கம் நகர்ந்து வரும். பிறகு ஒரு நொடியில் மண்ணை விடும். டிராக்டரின் முன் டயர்கள் அமுங்குவது இருக்கையிலேயே தெரியும். பின்னால் சிமெண்ட் நிரப்பிய பெட்டியை மூன்று புள்ளி இணைப்பில் மாட்டி, பின் டயர்களில் தண்ணீரும் ஏற்றியிருந்ததால் பின்பக்கம் அசையவே இல்லை. அந்த எதிர்ப்பாரம் இல்லாமல் யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

ஒற்றைப் பெல்ட்டில் தொங்கும் தடித்த கம்பம் ஒருபோதும் தானாக நேராக நிற்காது. கட்டு கம்பத்தின் ஒரு பக்கத் தோலில் இருக்கிறது, பாரத்தின் மையமோ உள்ளே நடுவில். அதனால் அடி ஒரு பக்கம் விலகிச் சாய்ந்தே தொங்கும். பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். ஆனால் அடியில் ஒரு கயிற்றைக் கட்டி எட்ட நின்று இழுத்தால் போதும். அதற்கு வேண்டிய விசை இருபது கிலோவைச் சுற்றித்தான். லோடர் பாரம் முழுவதையும் சுமந்துகொள்கிறது, மனிதர்களுக்கு மிச்சம் வைத்திருப்பது வழிகாட்டுகிற வேலையை மட்டும். என் கொழுந்தனார் ஒற்றைக் கயிற்றோடு அந்த ராட்சதக் கம்பத்தைக் குழி வரைக்கும் கூட்டிவந்தார். ஒரு காலத்தில் பன்னிரண்டு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த வேலை!

மாமனார் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்வதே தப்பு. ஒரு கம்பத்துக்கு நாலு தடவை எழுந்து வந்தார். "அம்மிணி, ரவையூண்டு தூக்கு. ஆங், போதும். இப்ப சித்தெ முன்னால வா" என்று அவர் கையைக் காட்ட, நான் லிவரைத் தொட, கம்பம் ஒரு விரற்கடை நகர, அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவது? கத்தரிக்காலும் வடமும் கட்டி நின்றவர் அவர். "அட சாமி, என்னமா நிக்குது பாரு, மூச்சுக்கூட உடாம" என்றார். இரண்டு கம்பம் இறங்கியதும் கட்டிலை வேப்பமரத்தடியிலிருந்து இன்னும் கிட்டே இழுத்துப் போடச் சொன்னார். கம்பத்தின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் வரக் கூடாது என்பது நாங்கள் போட்டுக்கொண்ட சட்டம். அவருக்கும் விலக்குக் கொடுக்கவில்லை. "சரி சரி, உன் சட்டமே இருக்கட்டும்" என்று மறுபடி மரத்தடிக்கே போனார்.

கம்பம் இறங்கும்போது லிவரைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும். ஒரு தொடுதலுக்கு ஒரு அங்குலம், சில சமயம் அதைவிடக் குறைவு. ஜல்லியில் போய் உட்காரும்போது சத்தமே வராது. அந்த மென்மைக்காகத்தான் நான் இந்தக் கருவியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். பழைய முறையில் கம்பம் குழிக்குள் தொபீரென்று விழும். குழியின் சுவர் இடியும், அடியில் பூசிய தார் உரியும். இங்கே பூசியது பூசியபடி இறங்கியது.

அடுத்து நேர் பார்ப்பது. ரசமட்டம் இங்கே உதவாது. மேலே சிறுத்து வருகிற உருண்டைக் கம்பத்தின் தோலில் ரசமட்டத்தை வைத்தால், கம்பம் நேராக இருந்தாலும் அது சாய்வு என்றே காட்டும். ஆசாரி கம்பத்துக்குப் பதினைந்தடி தள்ளி நின்று தூக்குக்குண்டைக் கையில் தொங்கவிடுவார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, நூல் கம்பத்தின் அடியில் நடுவை வெட்டுகிறதா, நுனியிலும் நடுவை வெட்டுகிறதா என்று பார்ப்பார். இரண்டு பக்கமும் தோல் நூலிலிருந்து ஒரே அளவு விலகியிருக்க வேண்டும். அங்கே சரி என்றால் கால்வட்டம் நடந்து, குறுக்குத் திசையில் நின்று அதே பார்வை. இரண்டு திசையும் ஒத்துவந்தால்தான் நேர். குண்டு காற்றில் ஆடாமலிருக்க ஒரு வாளித் தண்ணீரில் அதை முக்கி வைத்தார். நூல் அப்படியே நின்றது. நாற்பது வருஷம் வேலை செய்தவருடைய கைக்குள் எத்தனை சூட்சுமம் இருக்கிறது!

"மேக்கே ரவையூண்டுங்க அம்மிணி" என்பார். பக்கெட்டின் விளிம்பு கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சாய்க்கும் லிவரை ஒரு சிட்டிகை தட்டுவேன். பக்கெட் கால் அங்குலம் நகரும், கம்பத்தின் உச்சி அரை அங்குலத்துக்குள் அசையும். "அய்யய்யோ, ஜாஸ்தி. பாதி வாங்க." திரும்ப ஒரு தட்டு. "நிக்கட்டுமுங்க!" கம்பத்தை ஆட்கள் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் இந்தப் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. கை சோர்ந்ததும் "இது போதும்" என்று விட்டிருப்போம். லோடர் பிடித்திருந்ததால் போதும் என்பதற்கு மேலே போக முடிந்தது. பத்துக் கம்பங்களின் ஓரமாக இன்று நூலை இழுத்துப் பாருங்கள், வரிசை பிசகாது.

மண் போடுவதிலும் அவசரம் கூடாது. அரை அடிக்கு அரை அடி, மண்ணும் ஜல்லியும் கலந்து கொட்டி, திமிசு கொண்டு சுற்றிச் சுற்றி இடிக்க வேண்டும். ஒரே பக்கம் இடித்தால் கம்பம் எதிர்ப் பக்கம் தள்ளப்படும். இதிலும் லோடர் காவலுக்கு நின்றது. பாதிக் குழி இறுகும் வரை நான் இருக்கையை விட்டு இறங்கவில்லை. மேலே தரையைவிட உயரமாக மேடு கட்டி, தண்ணீர் கம்பத்தை விட்டு வெளியே ஓடும்படி சரிவு கொடுத்தோம். மரம் உளுத்துப்போவது ஆழத்தில் அல்ல, காற்றும் ஈரமும் ஒன்றாகச் சேர்கிற தரைமட்டத்தில். அந்த ஒரு சாண் உயரத்தைக் காப்பாற்றிவிட்டால் கம்பம் தலைமுறை தாண்டும்.

எல்லாம் சரி, ஜே.சி.பி. கூப்பிட்டிருந்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் எடை 7 டன்னுக்கு மேல். அது வந்துபோன தடத்தில் மண் இறுகி, மறுபடி புல் முளைக்க எத்தனையோ நாள் பிடிக்கும். எங்கள் டிராக்டர் லோடரோடு சேர்ந்தும் அதில் பாதிகூட வராது. தென்னை வரிசைக்குள் நுழைந்து, வைக்கோல் போருக்கும் கிணற்றுமேட்டுக்கும் நடுவில் திரும்பி வந்துவிடும். அதைவிட முக்கியமானது, மணி வாடகை ஓடவில்லை. மணிக்கணக்கில் காசு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆசாரி இரண்டாவது தடவை தூக்குக்குண்டைத் தொங்கவிடுவாரா? சொந்த டிராக்டரில், சொந்த நிதானத்தில் செய்கிற வேலைக்கு ஈடே இல்லை.

ஜாக்கிரதை பற்றியும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கம்பத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வண்டி நகர வேண்டுமென்றால் அடி தரையை உரசுகிற உயரமே போதும், நடை வேகத்துக்கு மேல் போகக் கூடாது, தூக்கியபடி வளைவு திருப்பக் கூடாது. வழியை முந்தின நாளே மண்வெட்டி பிடித்து மட்டம் செய்து வையுங்கள். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் பத்தடி உயரத்தில் இருக்கும் பாரம் வண்டியையே புரட்டிவிடும். பாரத்துக்கு அடியில் எவரும் தலையைக் கொடுக்கக் கூடாது, கையைக்கூட நீட்டக் கூடாது. எண்ணெய்க் குழாய் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இந்த விதிக்குத் தளர்வு கிடையாது. கம்பம் குழிக்குள் உட்கார்ந்த பிறகுதான் ஆட்கள் பக்கத்தில் வர வேண்டும். மின்கம்பி மேலே போகிற இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

கம்பங்கள் இறுகி நின்ற பிறகு உத்திரம் ஏற்றியதும் அதே லோடர்தான். 12 அடி உயரத்துக்கு அதன் கை எட்டாது. ஆசாரி அதற்கும் ஒரு வழி சொன்னார். கம்பங்களுக்கு நடுவே பரண் கட்டத்தானே போகிறோம், அதன் குறுக்கு மரங்களை எட்டடியில் முதலில் பொருத்திவிட்டு, உத்திரத்தை லோடர் அந்தக் குறுக்கு மரங்கள் மேல் கொண்டுபோய் வைக்கட்டும். அங்கிருந்து நாலு அடியை ஆட்களும் கப்பியும் பார்த்துக்கொள்வார்கள் என்றார். அப்படியே நடந்தது. கம்பத்தின் தலையில் வெட்டியிருந்த காடிக்குள் உத்திரம் உட்கார்ந்தபோது ஒரு இடத்தில்கூட ஆப்பு அடிக்க வேண்டியிருக்கவில்லை. கம்பங்கள் அவ்வளவு நேர்.

போன ஆடியில் காற்று வழக்கம்போல வந்தது. ஓடு ஒன்றும் நகரவில்லை. காளை தினமும் தென்மேற்கு மூலைக் கம்பத்தில் முதுகைத் தேய்க்கிறது. 350 கிலோக் கம்பமும் நாலடி மண்ணும் அதற்கெல்லாம் அசருமா? பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து பார்த்துவிட்டு, அவர்கள் ஆட்டுப்பட்டிக்கு ஆறு கம்பம் நட வேண்டும், லோடரைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். முடியுமாவாவது! பெல்ட்டை எடுத்து வெயிலில் காயப் போட்டுவிட்டேன், ஆசாரியிடமும் சொல்லியாகிவிட்டது. மாமனாருக்குத் தெரிந்ததிலிருந்து, அங்கே கட்டில் போட நல்ல நிழல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.